விமானத்தில் 'லோ பிரஷர்' லைட்: எரிபொருள் பம்ப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர்களும், புதிதாக லைன் வேலைக்கு வந்த டெக்னீஷியன்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் போயிங் 737 என்ஜி ரகத்தை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் என் கை அதிகம் பட்டது அதில்தான். தேவைப்படும் இடத்தில் ஏர்பஸ் ஏ320 வரும். இதைப் படித்துவிட்டு நேராக விமானத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் விமானத்தின் பராமரிப்புக் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

இந்த லைட் உண்மையில் எதைச் சொல்கிறது?

பம்ப் தள்ளும் குழாயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான். "பம்ப் கெட்டுவிட்டது" என்று அது சொல்லவே இல்லை. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதியைப் படித்த மாதிரி.

737-ல் மூன்று டேங்க்: இடது இறக்கையில் ஒன்று, வலது இறக்கையில் ஒன்று, நடுவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் எரிபொருளை என்ஜினுக்குத் தள்ளும் இரண்டு மின்சார பூஸ்ட் பம்ப், ஆக மொத்தம் ஆறு. ஆறுக்கும் தனித்தனியாக ஒரு பிரஷர் ஸ்விட்ச், விமானியின் தலைக்கு மேலுள்ள பேனலில் ஓர் ஆம்பர் லைட். பம்ப் தரும் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் லைட் எரியும். டேங்க்கில் எரிபொருள் இல்லாவிட்டாலும் எரியும், மின்சாரம் வராவிட்டாலும் எரியும், பம்ப் தேய்ந்திருந்தாலும் எரியும், எல்லாம் சரியாக இருந்து ஸ்விட்ச் மட்டும் பொய் சொன்னாலும் எரியும்.

இறக்கை டேங்க் பம்ப்பை விமானி அணைத்து வைத்தாலும் அதன் லைட் எரியும். நடு டேங்க் அப்படி இல்லை. அங்கே பம்ப்பை அணைத்தால் லைட்டும் அணைந்துவிடும். புதியவர்கள் இதில்தான் முதலில் குழம்புகிறார்கள்.

ஒரு லைட் எரிந்தும் மாஸ்டர் காஷன் வரவில்லையே, ஏன்?

இறக்கை டேங்க் ஒன்றில் ஒரே ஒரு பம்ப் போனால் மாஸ்டர் காஷன் (விமானியின் கண்முன் எரியும் பொது எச்சரிக்கை லைட்) தானாக வராது. மறைந்திருக்கும் எச்சரிக்கைகளைக் காட்டும் ரீகால் பட்டனை விமானி அழுத்திப் பார்க்கும்போதுதான் காட்டும். ஒரே டேங்க்கில் இரண்டு லைட்டும் எரிந்தால் உடனே வரும். மீதமுள்ள ஒரு பம்ப்பே அந்தப் பக்க என்ஜினுக்குப் போதும் என்பதால் இந்த ஏற்பாடு.

இரண்டு பம்ப்பும் நின்றுவிட்டால் என்ஜின் அணைந்துவிடுமா?

பொதுவாக அணையாது. என்ஜினோடு சேர்ந்து சுழலும் பம்ப் ஒன்று தனியாக இருக்கிறது. பூஸ்ட் பம்ப் தள்ளிக் கொடுக்காவிட்டாலும் அது இறக்கை டேங்க்கிலிருந்து எரிபொருளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இதை சக்ஷன் ஃபீட் என்பார்கள்.

ஆனால் உயரத்தில் இது ஆபத்து. எரிபொருளில் காற்று கரைந்திருக்கும். சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி பொங்குகிறதல்லவா, அதே கதைதான். மேலே போகப் போக வெளி அழுத்தம் குறைந்து, கரைந்த காற்று குமிழியாகப் பிரியும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் இன்னும் குறைவு. அந்தக் குமிழிகள் என்ஜின் பம்ப்புக்குள் போனால் உந்துவிசை தடுமாறும், என்ஜின் அணைந்தும் போகலாம். 737 விமானிகளின் அவசரக் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை உண்டு.

ஏ320-ல் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 30,000 அடிக்கு மேல் 30 நிமிடத்துக்கும் அதிகமாகப் பறந்திருந்தால், கரைந்த காற்று பெரும்பாலும் வெளியேறியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு அதே உயரத்தில் தொடர அனுமதிக்கிறார்கள். அவ்வளவு நேரம் ஆகவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும். பம்ப் எப்போது நின்றது என்பதை டெக் லாகில் (விமானத்தின் பழுதுப் பதிவேட்டில்) நேரத்தோடு எழுதச் சொல்லி விமானிகளிடம் நான் கேட்பது இதனால்தான்.

நடு டேங்க்குக்கு இந்தச் சலுகை கிடையாது. 737-ல் அதன் இரண்டு பம்ப்பும் போனால் உள்ளே இருக்கும் எரிபொருள் அங்கேயே சிறைப்பட்டுவிடும். பயணத்துக்கு மீதி எரிபொருள் போதுமா என்று விமானி உடனே கணக்குப் போட வேண்டும்.

நடு டேங்க் லைட் அடிக்கடி மின்னுகிறது. புகார் எழுத வேண்டுமா?

முதலில் அளவைப் பாருங்கள். நடு டேங்க் பம்ப்புகள் இறக்கை டேங்க் பம்ப்புகளைவிட அதிக அழுத்தத்தில் தள்ளும். அதனால் ஆறும் ஓடினாலும் நடு டேங்க்தான் முதலில் காலியாகும். காலியாகும் நேரத்தில் பம்ப் கொஞ்சம் எரிபொருளும் கொஞ்சம் காற்றுமாக இழுக்கும், லைட் மின்னும். அது பழுது இல்லை. வேலை முடிந்தது, அணைத்துவிடு என்று சொல்கிறது.

அணைக்கத்தான் வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதன் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

1990 மே 11, மணிலா. தரையில் நின்ற 737-300 ஒன்றின் நடு டேங்க் வெடித்து 8 பேர் இறந்தார்கள். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய டிடபிள்யூஏ 800, ஒரு 747, கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 230 பேரும் இறந்தார்கள். அங்கேயும் நடு டேங்க்தான். எரிபொருள் ஆவி பற்றியிருக்கிறது, ஆனால் பற்றவைத்தது எது என்பது உறுதியாகத் தெரியவில்லை. எரிபொருள் அளவுமானியின் வயர்கள் வழியே உள்ளே போன ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம் என்றது விசாரணை. 2001 மார்ச் 3 அன்று பாங்காக்கில் நின்றுகொண்டிருந்த 737-400 வெடித்ததில் விமானப் பணியாளர் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் 737-ன் நடு டேங்க் பம்ப்பை உலர்ந்த நிலையில் ஓடவிடாதே என்ற கட்டளையை அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை பிறப்பித்தது.

காரணம் எளிது. பம்ப்பைக் குளிர்விப்பதும், அதன் பேரிங்குக்கு வழவழப்புத் தருவதும் எரிபொருள்தான். எரிபொருள் இல்லாமல் சுழன்றால் சூடாகும், உரசும். சுற்றிலும் ஆவி நிறைந்த டேங்க். குளிர்சாதன இயந்திரங்கள் (பேக்குகள்) அந்த டேங்க்குக்கு நேர் கீழே இருப்பதால் வெயில் காலத்தில் தரையிலேயே அது சூடேறிக் கிடக்கும். பிறகு வந்த மாற்றத்தில், ஏறக்குறைய 15 விநாடி அழுத்தம் குறைந்திருந்தால் நடு டேங்க் பம்ப் தானே நின்றுவிடும்படி செய்தார்கள். அப்படியிருந்தும், காக்பிட்டில் லைட்டைப் பார்க்க ஆள் இல்லாதபோது நடு டேங்க் பம்ப்பை ஓடவிடக் கூடாது என்பது இன்றும் விதி. சோதனைக்காகப் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஏறும்போது மட்டும் இறக்கை டேங்க்கின் முன் பம்ப் லைட் எரிகிறது, சமமானதும் அணைகிறது. மாற்றவா?

வேண்டாம். மூக்கு மேலே போனால் எரிபொருள் பின்னால் ஓடும். டேங்க்கில் எரிபொருள் குறைவாக இருந்தால் முன் பம்ப்பின் வாய் வெளியே தெரியும், அழுத்தம் விழும். இறங்கும்போது பின் பம்ப்புக்கு இதே நிலை. அப்போது எவ்வளவு எரிபொருள் இருந்தது என்று விமானியிடம் கேளுங்கள். டேங்க் நிறைய இருந்தும் லைட் எரிந்தது என்றால்தான் விஷயம் வேறு.

டெக் லாகில் 'இடது டேங்க் பின் பம்ப் லோ பிரஷர்' என்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பம்ப்பிலிருந்து தொடங்காதீர்கள். என் முதல் வருடங்களில் நான் செய்த தவறு அது. ஒரு விமானத்தில் இதே புகார். பம்ப்பை மாற்றினேன். இரண்டு நாள் கழித்து அதே விமானம், அதே லைட். மறுபடி பம்ப்பை மாற்றினோம், மூன்றாவது முறையும் வந்தது. கடைசியில் மூத்தவர் ஒருவர் வந்து கனெக்டரைக் கழற்றிப் பார்த்தார். பிரஷர் ஸ்விட்ச்சின் கனெக்டருக்குள் ஒரு பின்னில் பச்சையாகப் பாசி மாதிரி அரிப்பு. சுத்தம் செய்து கனெக்டரை மாற்றியதும் முடிந்தது. நல்ல பம்ப் இரண்டைத் தேவையில்லாமல் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருந்தோம்.

இப்போது நான் போகும் வழி இது. எரிபொருள் இருக்கிறதா? காக்பிட் அளவுமானியை மட்டும் நம்பாமல், சந்தேகம் இருந்தால் இறக்கைக்கு அடியிலுள்ள அளவுகுச்சியால் பார்த்துவிடுவேன். அடுத்தது, மின்சாரம் வருகிறதா? பம்ப் ஓடுவது 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ் மின்சாரத்தில். ஒரு ஃபேஸ் போனாலும் மோட்டார் திணறும். பிரேக்கர் (மின்னோட்டம் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), ரிலே, பம்ப் கனெக்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். மின்சாரம் சரி என்றால் அப்புறம்தான், பம்ப் உண்மையிலேயே தள்ளுகிறதா, அல்லது ஸ்விட்ச் பொய் சொல்கிறதா என்ற கேள்வி.

அதை எப்படிப் பிரித்தறிவது?

எனக்குப் பிடித்த சோதனை, எரிபொருளை நகர்த்திப் பார்ப்பது. தரையில் டீஃப்யூலிங் வால்வு (டேங்க்கிலிருந்து எரிபொருளை வெளியே எடுக்கும் வால்வு) வழியாக, இறக்கை டேங்க் பம்ப்பை வைத்து எரிபொருளை நடு டேங்க்குக்கு மாற்ற முடியும். கையேடு சொல்கிறபடி எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு, சந்தேகப்படும் பம்ப்பை மட்டும் ஓடவிடுங்கள். அளவுமானியில் எரிபொருள் நகர்ந்தால், அதுவும் பக்கத்துப் பம்ப் நகர்த்தும் அதே வேகத்தில் நகர்ந்தால், பம்ப் நன்றாக இருக்கிறது. லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தால் தவறு ஸ்விட்ச்சிலோ அதன் வயரிலோ இருக்கிறது. எரிபொருள் நகரவே இல்லை, அல்லது ஊர்கிறது என்றால் பம்ப்பையோ அதன் வாயிலுள்ள வலையையோ சந்தேகிக்கலாம்.

இன்னொரு வழி, ஒரே மாதிரியான இரண்டு ஸ்விட்ச்களை இடம் மாற்றுவது. கோளாறு ஸ்விட்ச்சோடு சேர்ந்து போனால் ஸ்விட்ச். போகாமல் அங்கேயே நின்றால் வேறு எதுவோ. நேரம் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். எரிபொருள் குழாயைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கசிவுச் சோதனை செய்தாக வேண்டும்.

பம்ப்பை மாற்றினால் கசிவுச் சோதனையோடு பாண்டிங் அளவையும் எடுத்துப் பதிவு செய்யுங்கள். மில்லி ஓம் கணக்கில் வரும் அந்த எண்தான், பம்ப்பின் உடல் விமானத்தின் உடலோடு மின்ரீதியாக நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. அவசரத்தில் இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன மூன்று விபத்துகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கர் வெளியே துள்ளி நிற்கிறது. ஒரு முறை உள்ளே தள்ளிப் பார்க்கலாமா?

கூடாது.

வேறு எந்தக் கருவியின் பிரேக்கருக்கும் "ஒரு முறை" என்ற பேச்சுக்கு இடம் இருக்கலாம். எரிபொருள் பம்ப்பின் பிரேக்கருக்குக் கிடையாது, பறக்கும்போதும் சரி, தரையிலும் சரி. பிரேக்கர் துள்ளியது என்றால் எங்கேயோ மின்சாரம் போகக் கூடாத வழியில் போயிருக்கிறது. அந்த வழி டேங்க்குக்குள் இருக்கலாம். 2002-ல் சில நடு டேங்க் பம்ப்புகளுக்குள் வயர் உரசித் தேய்ந்திருப்பது தெரியவந்து, 737, 747, 757 மூன்றுக்கும் அவசரக் கட்டளை வந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் பிரேக்கரைத் தொட வேண்டும். வயர்களின் இடைவெளி, கிளிப், ஸ்லீவ் எல்லாவற்றையும் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். சி.டி.சி.சி.எல். (எரிபொருள் டேங்க்கின் பாதுகாப்புக்காக மாறாமல் காக்க வேண்டிய வடிவமைப்பு அம்சங்கள்) என்று கையேட்டில் முத்திரை போட்டிருக்கும் படிகள் இவைதான்.

ஒரே நேரத்தில் பல லைட் எரிந்தால்?

எந்த லைட்கள் என்று பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கும். ஒரு டேங்க்கின் இரண்டு பம்ப்புகளுக்கும் வெவ்வேறு பஸ்ஸிலிருந்துதான் (மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் இணைப்பு) மின்சாரம் வரும். ஆகவே ஒவ்வொரு டேங்க்கிலும் ஒவ்வொன்றாக லைட் எரிந்தால் பம்ப் பக்கமே போகாதீர்கள், ஒரு பஸ் போயிருக்கிறது. ஆனால் ஒரே டேங்க்கின் இரண்டு பம்ப்பும் அடுத்தடுத்துப் போனால் நெஞ்சு கொஞ்சம் படபடக்க வேண்டும். தனித்தனி மின்சாரத்தில் ஓடும் இரண்டு பம்ப் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவானது டேங்க்கில் இருக்கும் எரிபொருள் ஒன்றுதான்.

இதற்கு உலகமே அறிந்த உதாரணம் 1983 ஜூலை 23 அன்று நடந்தது. ஏர் கனடா 143, புத்தம் புதிய போயிங் 767, மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போய்க்கொண்டிருந்தது. 41,000 அடி உயரத்தில் இடது பக்கம் எரிபொருள் அழுத்த எச்சரிக்கை வந்தது. பம்ப் ஒன்று கெட்டிருக்கும் என்றுதான் விமானிகள் முதலில் நினைத்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்தடுத்த எச்சரிக்கைகள் வந்தன. ஓர் என்ஜின் அணைந்தது, பிறகு மற்றதும் அணைந்தது.

பம்ப்புகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, எரிபொருள்தான் இல்லை. அளவுமானி வேலை செய்யாததால் கையால் கணக்குப் போட்டிருந்தார்கள். தேவை 22,300 கிலோகிராம். லிட்டரை எடையாக மாற்றும்போது 0.8-க்குப் பதில் 1.77 என்ற எண்ணால் பெருக்கிவிட்டார்கள். அது பவுண்டுக்கான எண். அதனால் டேங்க்கில் இருந்தது 22,300 பவுண்டு, அதாவது தேவையில் பாதிக்கும் குறைவு. கேப்டன் ராபர்ட் பியர்சனும் துணை விமானி மாரிஸ் குவின்டலும் அந்த விமானத்தைக் கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். அழுத்தம் இல்லை என்று லைட் சொன்னால், அளவுமானியையும் ஏற்றிய ரசீதையும் கையில் எடுத்துக்கொண்டு எரிபொருள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

லைட் எரிந்தால் கிராஸ்ஃபீட் திறந்துவிடலாமா?

இடது, வலது பக்க எரிபொருள் குழாய்களை இணைக்கும் வால்வு அது. கையேடு திறக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. 737-ல் நடு டேங்க் பம்ப் ஒன்று மட்டும் போனால் திறப்பார்கள், இல்லாவிட்டால் இறக்கைகளுக்கு நடுவே எடை சமநிலை கெடும். ஆனால் கசிவு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் திறப்பதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 24 அன்று ஏர் டிரான்சாட்டின் ஏ330 ஒன்றில் வலது என்ஜின் பக்கம் எரிபொருள் கசிந்தது. சமநிலை கெட்டதாக எண்ணி கிராஸ்ஃபீட்டைத் திறந்தார்கள், நல்ல பக்கத்து எரிபொருளும் கசிவு வழியாகவே வெளியே போனது. இரண்டு என்ஜினும் அணைந்து, அசோர்ஸ் தீவுகளில் மிதந்தே இறங்கினார்கள். 306 பேரும் உயிர் தப்பினார்கள்.

டேங்க்குக்குள் பூஞ்சை வளரும் என்கிறார்களே, அதனால் இந்த லைட் வருமா?

வரும். எரிபொருளோடு தண்ணீர் கொஞ்சம் சேர்ந்தால் போதும், இரண்டும் சந்திக்கும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். பழுப்பு நிறத்தில், வழவழவென்று, கூழ் மாதிரி இருக்கும். பம்ப் வாயின் வலையை அது அடைத்துவிடும், அளவுமானியின் உணரிகளிலும் ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் நீண்ட நாள் நிற்கும் விமானங்களுக்கு இது பெரிய தொல்லை. தினசரி தண்ணீர் வடிக்கும் வேலையைச் சலிப்பான வேலை என்று நினைக்காதீர்கள். வடித்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

வந்துவிட்டால் மருந்து போடலாம். ஆனால் அளவு முக்கியம். 2020 பிப்ரவரியில் லண்டன் காட்விக்கிலிருந்து கிளம்பிய ஏ321 ஒன்றில் இரண்டு என்ஜினும் தடுமாறி விமானம் அவசரமாகத் திரும்பியது. பராமரிப்பின்போது டேங்க்கில் கலந்த பூஞ்சை மருந்து, பரிந்துரைத்த அளவைப்போல் ஏறக்குறைய 38 மடங்கு! பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கை மாற்றுவதில் வந்த பிழை. கிம்லிக்கு 37 வருடம் கழித்து, திரும்பவும் ஓர் அலகுக் கணக்கு.

லைட் எரியவில்லை என்றால் எரிபொருள் நன்றாகப் போகிறது என்று அர்த்தமா?

இல்லை. பிரஷர் ஸ்விட்ச் பார்ப்பது பூஸ்ட் பம்ப்பின் வாசலை மட்டும். அதைத் தாண்டிய தூரம் அதற்குத் தெரியாது. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777, ஹீத்ரோ ஓடுபாதைக்குச் சற்று முன்பே தரையில் விழுந்தது. எரிபொருளில் இருந்த தண்ணீர் பனிக்கட்டியாகி, என்ஜினுக்கு அருகில், எரிபொருளைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றியின் முகப்பில் அடைத்திருந்தது. 152 பேரில் யாரும் இறக்கவில்லை. என்ஜின் தடுமாறியதாகப் புகார் வந்தால், பேனலில் லைட் இல்லை என்பதை மட்டும் வைத்து எரிபொருள் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

பம்ப் ஒன்று பழுது. அப்படியே விமானத்தை அனுப்பலாமா?

எம்.இ.எல். (எந்தப் பழுதோடு பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) என்ன சொல்கிறதோ அதன்படி. நடு டேங்க் பம்ப் என்றால் பொதுவாக வழி இருக்கும், அந்த டேங்க் எரிபொருளை நம்பாமல் பயணத்தைத் திட்டமிட வேண்டும். உள்ளே சிறைப்பட்டு நிற்கும் எரிபொருளை எரிபொருளாகக் கணக்கிடக் கூடாது. எரிபொருள் இல்லாத எடையோடு அதைச் சேர்க்க வேண்டும். இறக்கையில் இருக்கும் எரிபொருள் இறக்கை மேல்நோக்கி வளைவதைத் தடுத்துப் பிடிக்கும், நடுவில் இருப்பது அந்த உதவியைச் செய்யாது.

இறக்கை டேங்க் பம்ப் விஷயத்தில் எந்தப் பம்ப் என்பதும் முக்கியம். 737-ல் நடு டேங்க்கின் அடியில் மிஞ்சும் எரிபொருளை இடது டேங்க்குக்கு இழுக்க ஒரு ஜெட் பம்ப் உண்டு. அது இடது டேங்க் முன் பம்ப்பின் வேகத்தில்தான் வேலை செய்யும். அந்த ஒரு பம்ப் போனால் இதுவும் நின்றுவிடும். நடு டேங்க்கில் கொஞ்சம் மிஞ்சியே நிற்கிறது என்று விமானி தனியாக ஒரு புகார் எழுதினால், அது புதுப் பழுது இல்லை, பழையதன் வால்.

டெக் லாகில் விமானி என்ன எழுதினால் உங்களுக்கு உதவும்?

எந்த லைட், எந்த உயரம், ஏற்றமா இறக்கமா சமமா, அப்போது மூன்று டேங்க்கிலும் எத்தனை கிலோ, நிரந்தரமாக எரிந்ததா மின்னியதா, பம்ப்பை அணைத்தபோது என்ன ஆனது, பிரேக்கர் துள்ளியதா. இத்தனையும் இரண்டு வரியில் அடங்கும். "பம்ப் பழுது" என்று மட்டும் எழுதியிருந்தால், இரவு இரண்டு மணிக்கு நான் இவை ஒவ்வொன்றையும் விமானத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.